பங்குத்தந்தை மாற்றம்: வாக்குச்சீட்டு வேண்டாம், வழி காட்டிவிட்டுப் போகட்டும்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கத்தோலிக்கப் பங்குகளில் சாமியார்களை மாற்றும் முறை குறித்து நீலகிரி வாசகர் ஒருவர் எழுதிய கடிதத்தைத் தங்கள் நாளிதழில் படித்தேன். மே மாதம் வந்தால் தாசில்தார் மாற்றல் பட்டியல்போல, மறைமாவட்டத் தலைவரான ஆயரின் இல்லத்திலிருந்து ஒரு பட்டியல் வருகிறது, பங்கு மக்களை யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை, ஆகவே ஊராட்சித் தலைவரைப்போலப் பங்குத்தந்தையையும் மக்களே வாக்களித்துத் தெரிவு செய்ய வேண்டும் என்பது அதன் சாரம். அவருடைய வருத்தத்தில் பாதி எனக்கும் உண்டு. அவர் சொல்லும் மருந்துதான் எனக்கு ஒப்பவில்லை. கூடலூர், பந்தலூர்ப் பக்கம் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தபால்காரனாக நடந்தவன், இரண்டு முறை பங்குப் பேரவைச் செயலராக இருந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

முதலில் தாசில்தார் ஒப்புமையைப் பற்றி. இலத்தீன் முறைக் கத்தோலிக்கருக்கு உரியது 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு. (எங்கள் பக்கம் கேரளத்தின் கீழை முறைக் கத்தோலிக்கரான சீரோ மலபார்ப் பங்குகளும் உண்டு, அவர்களுக்கு 1990இல் வெளிவந்த கீழைத் திருச்சபைகளின் சட்டத் தொகுப்பு தனியே இருப்பதால் அவர்களைப் பற்றி நான் பேசவில்லை.) இந்தத் தொகுப்பின்படி பங்கு என்பது நிலையாக அமைக்கப்பட்ட ஒரு மக்கள் சமூகம், அதன் ஆன்மிகப் பொறுப்பு, ஆயரின் அதிகாரத்துக்கு உட்பட்டு, ஒரு குருவிடம் ஒப்படைக்கப்படுகிறது. அவரே அந்த மக்களின் சொந்த மேய்ப்பர் என்கிறது சட்டம் 519. அவரை நியமிப்பவர் மறைமாவட்ட ஆயர் என்கிறது சட்டம் 523. வேறு யாருக்கேனும் முன்மொழியும் உரிமையோ தெரிவு செய்யும் உரிமையோ பழையபடி இருந்தால் மட்டும் விதிவிலக்கு. அப்படிப்பட்ட தெரிவு உரிமை சுவிட்சர்லாந்தின் சில பகுதிகளில் இன்றும் இருக்கிறது. ஆகவே வாசகர் கேட்பது உலகில் இல்லாத ஒன்றன்று. ஆனால் அது புதிதாகக் கொடுக்கப்பட்ட உரிமையன்று, பழைய வழக்கின் எச்சம். அரசர்களும் பிரபுக்களும் கோயில் கட்டிக்கொடுத்த காரணத்தால் சாமியாரையும் தாங்களே பொறுக்கி எடுத்த காலத்தின் தொல்லைகளைக் கண்ட பிறகுதான், உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் ஆயரின் நியமன உரிமைக்கு இருந்த இத்தகைய தடைகளை விலக்கச் சொன்னது.

நியமனம் ஆயருடையது என்பதனால் சாமியார் அரசு ஊழியராகிவிடவில்லை. பங்குத்தந்தைக்கு நிலைத்தன்மை வேண்டும், கால வரையறையின்றி நியமிக்கப்பட வேண்டும் என்பதே சட்டம் 522 சொல்லும் பொது விதி. ஆயர்களின் கூட்டமைப்பான ஆயர் பேரவை ஆணை வழியாக இடம் கொடுத்திருந்தால் மட்டுமே குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு நியமிக்கலாம். நான் பார்த்தவரை எங்கள் பங்கில் ஐந்தாறு ஆண்டுகள் என்பதே வழக்கமாகிவிட்டது. நன்றாகப் பணியாற்றும் பங்குத்தந்தையை ஆயர் வேறிடத்துக்கு அனுப்ப விரும்பினால், அதை எழுத்தில் தெரிவித்து அவரை இணங்கச் செய்ய முயல வேண்டும். அவர் மறுத்தால் மறுப்பதற்கான காரணங்களை எழுத்தில் கொடுக்கலாம். அதன் பிறகும் ஆயர் விரும்பினால் இரண்டு குருக்களோடு அக்காரணங்களை ஆராய வேண்டும். உதவிப் பங்குத்தந்தைக்கு இவ்வளவு காப்பு இல்லை. தக்க காரணம் இருந்தால் ஆயர் அவரை மாற்றிவிடலாம். நம் மக்களில் பலர் இருவரையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவதால், சின்னச் சாமியாரை மாற்றியதற்குப் பெரிய சாமியாரின் நியாயத்தையும், பெரியவரை மாற்றியதற்குச் சின்னவரின் நியாயத்தையும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

மக்களைக் கேட்பதில்லை என்ற குறைக்கு வருகிறேன். காலியான பங்குக்கு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போது, வேண்டியவர் வேண்டாதவர் பாராமல் எல்லாவற்றையும் சீர்தூக்கித் தகுதியானவரை ஆயர் நியமிக்க வேண்டும் என்கிறது சட்டம் 524. அதற்காக, பல பங்குகள் சேர்ந்த மறைவட்டத்தின் பொறுப்புக் குருவான மறைவட்ட அதிபரிடம் கேட்கவேண்டும், தக்க விசாரணை செய்யவேண்டும், தேவையானால் குருக்கள் சிலரையும் குருக்கள் அல்லாத பொதுநிலையினர் சிலரையும் கேட்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. ‘தேவையானால்’ என்ற சொல் அங்கே இருப்பது உண்மை; அந்தச் சொல்லுக்குள் ஒரு பங்கையே ஒளித்துவைத்துவிடலாம் என்பதும் உண்மை. ஆனாலும் கதவு ஒன்று இருக்கிறது. தங்கள் தேவைகளை மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்க மக்களுக்கு உரிமை உண்டு, அறிவுக்கும் தகுதிக்கும் ஏற்பத் தங்கள் கருத்தைச் சொல்வது சில வேளைகளில் கடமையும் ஆகும் என்று சட்டம் 212 வெளிப்படையாகவே சொல்கிறது. பங்குத்தந்தையை நீக்குவதற்கான காரணங்களில், மக்களுக்கு அவர்மீது ஏற்பட்டு விரைவில் தீராது எனத் தோன்றும் வெறுப்பும் ஒன்றாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது.

இந்தக் கதவை நாம் எப்போது தட்டுகிறோம்? நான் செயலராக இருந்த காலத்தைச் சொல்கிறேன். பங்கின் தேவை என்ன, எத்தனை கிளைக் கோயில்கள், எந்த மொழி தெரிந்தவர் வேண்டும், ஜீப் ஓட்டத் தெரிந்தவரா, முதியவரா இளையவரா என்று ஒரு பக்கம் எழுதி மறைவட்ட அதிபரிடம் முன்கூட்டியே கொடுக்க ஒரு முறைகூட எங்களுக்குத் தோன்றவில்லை. பட்டியல் வெளியானதும் இரண்டு வேன் பிடித்து, கூடலூரிலிருந்து வளைவு வளைவாக ஏறி, ஊட்டிக்குப் போய் ஆயர் இல்ல வாசலில் நின்றோம். ஆயர் பொறுமையாகக் கேட்டார், தேநீர் கொடுக்கச் சொன்னார், நாங்கள் வந்த வழியே திரும்பினோம். முடிவெடுத்த பிறகு போய் நின்றவர்களிடம் வேறு என்ன செய்ய முடியும்? அந்த வேன் வாடகையில் பாதியைப் பங்கு நிதியிலிருந்து எடுத்ததற்கு நிதிக் குழுவில் நான் பதில் சொல்ல வேண்டியிருந்தது தனிக் கதை.

இனி வாக்குரிமை. எங்கள் பங்கில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் இலங்கையிலிருந்து திரும்பி வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி வந்து, 1968இல் தொடங்கப்பட்ட அரசுத் தேயிலைத் தோட்டங்களில் குடியேறியவர்கள். மீதியில் மலையாளம் பேசும் இலத்தீன் முறைக் குடும்பங்கள் சில, சமவெளியிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் சிலர், பணியர் பழங்குடிக் குடும்பங்கள் கைவிரலில் எண்ணத்தக்கவை. இங்கே தேர்தல் வைத்தால் யார் வெல்வார் என்பதை நான் இப்போதே சொல்லிவிடுவேன். அந்த ஆறு பணியர் குடும்பங்களின் சாமியார் யார் என்ற கேள்வியை எந்த வேட்பாளரும் எழுப்பமாட்டார். வாக்கு என்று வந்தால் சாதி வரும், ஊர் வரும், ‘நம்ம ஆள்’ வருவார். வராது என்று சொல்பவர் தமிழ்நாட்டில் கல்லறைத் தோட்டங்களுக்கு நடுவே எழுப்பிய சுவர்களைப் பார்க்காதவர். உதகை மறைமாவட்டம் 1955இல் மைசூரிலிருந்து பிரிக்கப்பட்டபோது அதன் முதல் ஆயராக வந்த அந்தோனி பதியறா கேரளத்தில், சீரோ மலபார்க் குடும்பத்தில் பிறந்தவர்; பிற்காலத்தில் எர்ணாகுளத்தின் பேராயரும் கர்தினாலும் ஆனவர். அன்றைக்கு மலையில் வாக்கெடுப்பு நடந்திருந்தால் அவர் வைப்புத்தொகையை இழந்திருப்பார்.

சாமியார்மீது வரும் புகார்களில் பெரும்பகுதி பங்குத்தந்தை என்ற பொறுப்பைப் பற்றியதே அன்று என்பதையும் வாசகர் கவனிக்க வேண்டுகிறேன். திருமுழுக்கு, திருமணம், அடக்கம், சாகக் கிடப்பவருக்கு நற்கருணை, ஞாயிறுதோறும் தம் மக்களுக்காக ஒரு திருப்பலி, பதிவேடுகள், வீடு சந்திப்பு ஆகியவை அவருடைய பணிகள். பள்ளித் தாளாளர் பொறுப்பு அந்தப் பட்டியலில் இல்லை. அது மறைமாவட்டம் தனியே ஏற்றிவைக்கும் சுமை. பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை என்ற கோபத்தில் பூசைக்கு வராமல் இருப்பவர்களை நான் அறிவேன். நிதிக் குழு ஒவ்வொரு பங்கிலும் கட்டாயம் இருக்க வேண்டும். பங்குப் பேரவை, ஆயர் தேவையெனக் கருதினால் அமைவது, அதுவும் ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் கொண்டது. பேரவையில் கையைத் தூக்கிவிட்டால் சாமியார் அதன்படி நடக்க வேண்டும் என்று நானே முதல் ஆண்டில் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது என் உண்மையான குறையைச் சொல்கிறேன். பங்குத்தந்தையின் கடமைகளில் சட்டம் 529 முதலில் வைப்பது, தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட மக்களை அறிந்துகொள்வதை. குடும்பங்களைச் சந்திக்க வேண்டும், அவர்களுடைய கவலையிலும் துயரத்திலும் பங்கெடுக்க வேண்டும், நோயாளிகளை, குறிப்பாகச் சாகும் நிலையில் இருப்பவர்களை, தேடிப் போக வேண்டும் என்கிறது அது. சமவெளிப் பங்கில் கோயில் மணி கேட்கும் தூரத்தில் ஊர் இருக்கும். மூன்று மாதத்தில் முகம் தெரிந்துவிடும். எங்கள் பங்கில் தலைமைக் கோயிலிலிருந்து கடைசிக் கிளைக் கோயிலுக்கு இருபத்தாறு கிலோமீட்டர். அதில் ஒன்பது கிலோமீட்டர் எஸ்டேட் மண்பாதை. புதிய சாமியார் வருவது மே கடைசியில். ஜூன் முதல் வாரத்தில் தென்மேற்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். எங்கள் பக்கத்துத் தேவாலா, சேரம்பாடி மழையைப் பற்றி ஊட்டியில் இருப்பவர்களுக்கே சரியாகத் தெரியாது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோதுதான் மலையின் மேற்குச் சரிவு எப்படிப்பட்டது என்று செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரிய வந்தது. ஆக, மக்களை அறிந்துகொள்ள வேண்டிய முதல் நான்கு மாதங்களும் புதியவருக்குச் சன்னலுக்கு வெளியே பெய்துகொண்டிருக்கும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஜூன் இரண்டாம் வாரம், ஒரு மாலையில், தோட்டத்திலிருந்து ஒரு பையன் சாமியார் தங்கும் அறைவீட்டுக்கு வந்து, தாத்தாவுக்கு முடியவில்லை, அவஸ்தை (நோயில்பூசுதல் என்னும், எண்ணெய் பூசும் சடங்கு) கொடுக்கச் சாமியார் வர வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கடைசி ஜீப்பைப் பிடிக்க ஓடிவிட்டான். சாமியார் பொறுப்பேற்றுப் பதினோரு நாள் ஆகியிருந்தது. குடும்பப் பதிவேட்டைப் பார்த்தார். பெயர் இருந்தது, லைன் வீட்டு (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) எண் இருந்தது. அந்த லைன்களை இடித்துக் கட்டியபோது எண்கள் மாறிவிட்டன என்பது பதிவேட்டில் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னால் தோட்டத்தில் யாருக்கும் தெரியாது, ‘கங்காணித் தாத்தா’ என்றால்தான் தெரியும் என்பதும் அதில் இல்லை. சாமியார் மழையில் கீழ் லைனுக்குப் போய் அதே பெயருள்ள இன்னொருவர் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறார். அங்கிருந்து மேல் லைனுக்கு ஏறும்போது பாதையில் யானைகள் நின்றன. இரவு முழுவதும் தேயிலைத் தொழிற்சாலைக் காவலாளியின் கொட்டகையில் உட்கார்ந்திருந்தார். விடிந்த பிறகு அந்த வீட்டை அடைந்தபோது தாத்தாவைக் குளிப்பாட்டிப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். நான் போனபோது சாமியார் ஈர அங்கியோடு சிமென்டுத் தரையில் முழங்காலில் இருந்தார். எண்ணெய்ச் சிமிழ் இடக்கையில் மூடியபடியே இருந்தது.

அவர்மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அவருக்கு முன் இருந்தவர்மீதும் இல்லை. அவர் ஞாயிற்றுக்கிழமை பிரியாவிடைத் திருப்பலி வைத்து, பொன்னாடை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை காலையில் இன்னொரு பங்குக்குப் போயாக வேண்டியிருந்தது. நோயில்பூசுதலை எந்தக் குருவும் வழங்கலாம். மேல் லைனுக்கு ஒன்றரைக் கிலோமீட்டரில் இருந்த சீரோ மலபார்ப் பங்குத்தந்தையைக் கூப்பிட்டிருந்தால் அவர் அன்றிரவே வந்திருப்பார், முன்பு பலமுறை வந்திருக்கிறார். அவருடைய எண் பழைய சாமியாரின் கைப்பேசியில் இருந்தது.

இன்னொன்று பழைய கதை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நடந்தது. மூன்று வயதில் தலைமன்னாரிலிருந்து கப்பலேறி இராமேஸ்வரத்தில் இறங்கிய ஒரு பெண்ணுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. ஓலை வாசிக்கும் (கோயிலில் திருமண அறிவிப்புப் படிக்கும்) முன் ஞானஸ்நானச் சான்று, அதாவது திருமுழுக்குச் சான்று வேண்டும் என்றார் புதிதாக வந்த சாமியார். கேட்டது சரியே; ஒருவர் திருமணம் ஆனவரா இல்லையா என்பது அவருடைய திருமுழுக்குப் பதிவின் ஓரத்தில்தான் எழுதப்படும் என்பதால் அந்தப் பதிவு இருக்கும் கோயிலில் இருந்தே சான்று வரவேண்டும். அந்தக் கோயில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருந்தது. விமானத் தபாலில் கடிதம் போட்டார்கள். நான்தான் அதைப் பையில் போட்டு எடுத்துப்போனேன். பதில் வருகிறதா என்று ஒவ்வொரு நாளும் அந்தப் பெண்ணின் அம்மா லைன் முனையில் நின்று கேட்டதும் என்னிடம்தான். நான்கு மாதம் பதில் இல்லை. திருமுழுக்கு நடந்ததற்கு, யாருக்கும் பாதகம் இல்லாதபோது, ஐயத்துக்கு இடமற்ற ஒரு சாட்சி சொன்னால் போதும் என்று சட்டம் 876 இருக்கிறது. அந்தப் பெண்ணின் ஞானத்தாய் இரண்டாவது லைனில் உயிரோடு இருந்தார். திருமணம் ஆகாதவள் என்பதற்குச் சத்தியம் செய்ய ஊரே இருந்தது. அதற்கு முன் இருந்த சாமியார் இலங்கையிலிருந்து வந்தவர்களின் திருமணங்கள் பலவற்றை இப்படித்தான் முறைப்படி விசாரித்து நடத்தியிருந்தார். அந்த விசாரணைத் தாள்கள் அலமாரியில் கட்டாகக் கிடந்தன. கட்டு எதற்கென்று புதியவருக்குச் சொல்ல யாரும் இல்லை.

தபால் துறையைப் பெரிதாகப் பேச நான் வரவில்லை, அங்கும் ஆயிரம் ஓட்டைகள் உண்டு. ஆனால் நான் வேலையில் சேர்ந்தபோது, எனக்கு முன்னால் அந்தத் தடத்தில் நடந்தவர் ஆறு நாள் என்னோடு நடந்தார். எந்த வீட்டில் நாய், எந்த ஓடையில் ஜூலையில் பாலம் மூழ்கும், யாருடைய மணியார்டரை யார் கையில் கொடுக்கக்கூடாது, எந்த வீட்டில் மகன் இறந்த செய்தியைத் தந்தியாகக் கொண்டுபோனபோது பெயரைப் படிக்காமல் பக்கத்து வீட்டாரை முதலில் கூப்பிட வேண்டும் என்றெல்லாம் அவர் வாயால் சொன்னவை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. கடிதம் கொண்டுபோகிறவனுக்கே ஆறு நாள் தேவைப்பட்ட மலை இது.

சட்டத்தில் இதற்குத் தடை ஏதும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. புதிய பங்குத்தந்தை எவ்வளவு காலத்துக்குள் பொறுப்பேற்க வேண்டும் என்று குறிப்பவர் ஆயரே. மாற்றப்படும் குரு, வேறு ஏற்பாடு இல்லையேல், புதிய பொறுப்பை முறைப்படி ஏற்கும்வரை பழைய பங்கில் தொடர்கிறார். ஆகவே இருவரும் ஒரே அறைவீட்டில் இரண்டு வாரம் தங்கி, ஒருவர் ஜீப்பை ஓட்ட மற்றவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு கிளைக் கோயிலுக்கும் ஒவ்வொரு லைனுக்கும் போய் வருவதற்குத் தேவையானது ஆயர் இல்லத்தின் ஓர் அறிவிப்பு மட்டுமே. எல்லாப் பங்குகளிலும் ஒரே நாளில் சங்கிலிபோல மாற்றம் நடப்பதால் ஒருவர் தாமதித்தால் மற்றவரும் தாமதிக்க வேண்டிவரும் என்ற நடைமுறைச் சிக்கலை நான் அறியாமல் இல்லை. மலைப் பங்குகளை மட்டும் அந்தச் சங்கிலியிலிருந்து கழற்றி, மாற்றத்தை ஜனவரிக்குத் தள்ளினால் என்ன? கிறிஸ்துமஸ் முடிந்திருக்கும், பாதை காய்ந்திருக்கும், முதல் நற்கருணைக்குத் தயாராகும் பிள்ளைகளைப் புதியவரே தொடக்கம் முதல் அறிந்துகொள்வார். பள்ளித் தாளாளர் பொறுப்பு கல்வியாண்டோடு ஒட்டியது என்பதால்தான் மே மாதம் என்றால், நான் மேலே சொன்னபடி, அது வேறு பொறுப்பு. அதன் வசதிக்காக இந்தப் பொறுப்பு நனைய வேண்டியதில்லை.

மக்களுக்கு மறைக்கல்வி சொல்லித்தரும் உபதேசியாரையும் (வேதியர் என்பதும் அவரையே) இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். எங்கள் பங்கில் கடைசி உபதேசியார் ஓய்வுபெற்ற பிறகு அந்த இடம் நிரப்பப்படவில்லை. சாமியார்கள் மாறிக்கொண்டே இருந்த காலத்திலும் லைன் லைனாக மக்களை அறிந்த ஒருவர் மாறாமல் இருந்தார் என்றால் அது அவர்தான். வேதியர் பணியை முறையான திருப்பணியாக 2021 மே மாதம் திருத்தந்தை பிரான்சிஸ் நிறுவியிருக்கிறார். ஒரு பங்குக்கு ஓர் உபதேசியாரின் மாதச் சம்பளம், எங்கள் திருவிழாவில் ஒலிபெருக்கிக்கும் சப்பர அலங்காரத்துக்கும் செலவாகும் தொகையைப் பன்னிரண்டு மாதத்துக்கு வகுத்துப் பார்த்தால் பெரிய பாரமாக இராது என்று நிதிக் குழுவில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தார்கள். அந்தக் கூட்டத்துக்குள் சாமியார் மாறிவிட்டார்.

வாசகர் நண்பர் வாக்குப்பெட்டி கேட்பதற்குப் பதிலாகத் தம் பங்கின் தேவைகளை இப்போதே எழுதத் தொடங்கினால் நானும் அவரோடு கையெழுத்திடுவேன். எங்கள் பங்குக்காக நான் எழுதியதில் பதினேழு லைன்களின் பழைய, புதிய வீட்டு எண்கள், வழக்குப் பெயர்கள், படுக்கையில் இருப்பவர்கள், யானை இறங்கும் பாதைகள், அருகிலுள்ள குருக்களின் தொலைபேசி எண்கள் ஆகியவை இருக்கின்றன. நாற்பது பக்க நோட்டு. ஒரு படியை மறைவட்ட அதிபரிடம் கொடுத்துவிட்டேன், இன்னொன்று அறைவீட்டு அலமாரியில், திருமுழுக்குப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால்காரர்,
பந்தலூர் வட்டம், நீலகிரி.